கப்பலில் வந்த கார்

மில் முதலாளி தேவசேனாபதியின் பழைய கார் கப்பலில் வந்திறங்கிய கதை கோயமுத்தூரில் காக்காய் குருவிக்குக்கூடத் தெரியும். அவரே ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்குப் பழைய கார் கண்காட்சிப் போட்டி. மைதானத்துக்குள் நுழையும்போதே கதவோரத்துக் குரோம் பட்டை பிடிப்பு விட்டுத் தொங்கியது. கார்த் தகர வேலை பார்க்கும் டிங்கர் காரியப்பனுக்கு ஆள் போனது; அவரும் பெட்டியோடு வந்துவிட்டார்.

நடுவர்கள் சுற்றி நிற்பதைப் பார்த்ததும் முதலாளிக்குக் குரல் ஏறியது.

“எண்பது வருசமா இதுல ஒரு திருகாணி மாத்தினதில்லை. நீயும் புதுசா எதையும் போடக்கூடாது. உள்ளே இருக்கிறதை வெச்சே மாட்டணும். முடியலைன்னா என் எடத்துல இருக்கிற உன் பட்டறையை இன்னைக்கே காலி பண்ணு!”

“ஆகட்டுங்க. ஆனா கழட்டுன சாமானை ஓனர் கையில குடுத்துடறது எங்க தொழில் வழக்கமுங்க” என்றார் காரியப்பன்.

பட்டையைக் கழற்றினார். பின்னாலிருந்த பிடிப்புகளை ஒவ்வொன்றாக உருவி, முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார். எந்தக் காலத்து டிரைவர் செருகினதோ, குடைக்கம்பித் துண்டு ஒன்று, கொண்டை ஊசி இரண்டு, கடைசியாக ஒரு தீக்குச்சி.

“இதுல கப்பல்ல வந்தது எதுன்னு காட்டுங்க. அதையே மாட்டிடறனுங்க.”

நடுவர் ஒருவருக்குக் காப்பி புரையேறியது. முதலாளியின் முகம் சுண்டிப்போனது.

“பட்டறை அங்கேயே இருக்கட்டும். புது போல்ட்டே போட்டுத் தொலைய்யா” என்று பல்லைக் கடித்தார்.

“போட்டுடலாமுங்க.” காரியப்பன் தலையைச் சொறிந்தார். “கப்பல் எத்தனை மணிக்கு வருதுங்க?”