ட்ரையல் ரூமில் இரண்டாவது மீன்

கருக்கம்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மும்மூர்த்தி டெய்லர்ஸ் என்றொரு கடை. கட்டிங் நாச்சிமுத்து மாஸ்டர், தையல் கதிரப்பன், காஜா பாப்பண்ணன். மூவருக்கும் கை சுத்தம். தலையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அதை அவர்கள் உபயோகித்து யாரும் பார்த்ததில்லை.

சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். தொந்தரவே அதுதான். கட்டடத்துக்குச் சொந்தக்காரரான வசுந்தரா டீச்சர் போன வருஷம் ஊருக்குப் போகும்போது, "ரோஜாத் தொட்டி வெயில்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூவரும் கடையைப் பூட்டிவிட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு, வெயில் நகர நகர மேற்கே நடந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மக்காச்சோளக் காட்டில் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். தொட்டி அகப்படவில்லை.

இந்த வருஷம் டீச்சருக்குப் பத்து நாள் ஓசூர்ப் பயணம், மகள் பிரசவத்துக்கு. வேறு வழியில்லாமல் ஒரு சின்னத் தொட்டியைக் கொண்டுவந்து கட்டிங் மேஜையில் வைத்தார். உள்ளே கட்டைவிரல் நீளம்கூட இல்லாத நீல நிற ஃபைட்டர் மீன் குட்டி.

"இது தனியாத்தான் இருக்கணும். இன்னொரு ஃபைட்டர் பக்கத்துல வந்தா ரெண்டும் சண்டை போட்டே செத்துரும். ஒரு வேளைக்குத் தீனி அதோட கண்ணளவு. ஒரு வாரம் கழிச்சுக் கால்வாசித் தண்ணி மாத்துங்க. குழாய்த் தண்ணியை ஒரு நாள் பூரா சும்மா வச்சிருந்துதான் ஊத்தணும். தினமும் ரெண்டு நிமிஷம் உங்க ட்ரையல் ரூம்ல வையுங்க, துடுப்பை விரிச்சு எக்சர்சைஸ் பண்ணும்."

"அப்பிடியே ஆகட்டுங்க டீச்சர்."

"நான் வர்றப்போ இது உயிரோட இருந்தா இன்னும் மூணு வருஷம் கடையை நடத்துங்க. இல்லைன்னா காலி பண்ணிருங்க. ரோஜாவை நான் மறக்கலை."

டீச்சர் பஸ் ஏறினார். நாச்சிமுத்து மாஸ்டர் இஞ்ச் டேப்பை எடுத்தார்.

"நேரா நில்லு கண்ணு. மூச்சை இழுத்துப் பிடிக்காதே. சாதாரணமா இரு."

மீன் சாதாரணமாக இல்லை. மேலே போனது, கீழே போனது. முக்கால் மணி நேரம் கழித்து மாஸ்டர் நோட்டில் எழுதினார்: கண் - கடுகு.

"ஏனுங் மாஸ்டர், வளர்ற குட்டியாச்சே," என்றான் கதிரப்பன். "பள்ளிக்கூடப் பசங்க டவுசருக்கு நாம ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு விடறதில்லையா?"

"நல்ல வேளை ஞாபகப்படுத்தினே. வெட்டுனப்புறம் ஒட்ட முடியுமா?"

ஆகவே, ரெண்டு இஞ்ச் உருண்டையாகத் தீனி பிடித்து, மல் துணியில் மடித்துத் தைத்து, வெளியே வருவதற்குக் கண்ணளவில் ஒரே ஒரு காஜா போட்டு, தொட்டியில் தொங்கவிட்டார்கள். வேறு யார் காஜா போட்டிருந்தாலும் மீன் அன்றைக்கே வயிறு வெடித்திருக்கும். பாப்பண்ணன் காஜாவில் பட்டனே நுழையாது. ஊரில் பாதிப் பேர் சட்டையைத் திறந்துவிட்டுத் திரிவது ஸ்டைலுக்காக அல்ல. அந்தக் காஜா வழியே வேளைக்கு ஒரு துணுக்குதான் வந்தது. மீன் தெம்பாக இருந்தது.

அடுத்து ட்ரையல் ரூம். அதற்குள் அவர்கள் காலே வைத்ததில்லை. அளவு எடுப்பது டெய்லர் வேலை, போட்டுப் பார்ப்பது வாடிக்கைக்காரர் வேலை என்று மாஸ்டர் இருபத்தாறு வருஷத்துக்கு முன்பே கோடு போட்டுவிட்டார். கதிரப்பன் வெளியே நின்றபடி, திரைக்குள் கையை மட்டும் விட்டுத் தொட்டியை ஸ்டூலில் வைத்தான். ரெண்டு நிமிஷம் கழித்து ஓரமாக எட்டிப் பார்த்தவன் துள்ளிப் பின்வாங்கினான்.

"மாஸ்டர்! உள்ள இன்னொருத்தன் இருக்கானுங்க!"

"எவன்டா?"

"இன்னொரு மீனுங்க. நம்ம குட்டி துடுப்பை விரிச்சா அவனும் விரிக்கறான். மூஞ்சியப் பார்த்தாலே ஃபைட்டர்."

தொட்டியை வெளியே இழுத்தார்கள். பாப்பண்ணன் திரையை இழுத்து மூடினான்.

"ட்ரையல் பாக்க வந்தவங்கள்ல எவனோ விட்டுட்டுப் போயிருக்கான். பாக்கெட்டுல இருந்து விழுந்திருக்கும்."

"பாக்கெட்டுல மீன் வைப்பாங்களாடா?" என்றார் மாஸ்டர்.

"நீங்க வெட்டற பாக்கெட்டுல ஆட்டையே வைக்கலாமுங்க."

மாஸ்டர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஆனால் நிலைமை மோசம். தனியாக இருக்கணும் என்றும் டீச்சர்தான் சொன்னார், தினமும் ட்ரையல் ரூமில் வை என்றும் டீச்சர்தான் சொன்னார். முதல் சொல்லைத் தட்டினால் மீன் சாகும், மற்றதைத் தட்டினால் டீச்சர் பேச்சை மீறினதாகும். எப்படிப் பார்த்தாலும் கடை போய்விடும்.

"சண்டை எதுக்கு வருது?" என்று கேட்டார் மாஸ்டர். "பசியில வருது. உள்ள இருக்கறவனுக்கும் ஒரு பை தைச்சுப் போடு."

அன்றிலிருந்து ட்ரையல் ரூம் ஆணியிலும் ஒரு தீனிப் பை தொங்கியது. தினமும் ரெண்டு நிமிஷம் குட்டி உள்ளே போகும். மாஸ்டர் வெளியே நின்று நூற்றிருபது வரை எண்ணி, அடிதடி தொடங்குமுன் இழுத்துக்கொள்வார். வாடிக்கைக்காரர்கள் எதிரே டீக்கடையில் போட்டுப் பார்த்தார்கள்.

ஏழாம் நாள் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். கதிரப்பன் மெஷினை மிதித்தான், தண்ணீர் நடுங்கியது.

"நிறுத்துடா! தண்ணி சும்மா இருக்க வேண்டாமா?"

மெஷினை நிறுத்தினார்கள். மாஸ்டர் தும்மலை அடக்கினார். கல்யாணச் சட்டை வாங்க வந்தவரிடம் பாப்பண்ணன் மெதுவாகச் சொன்னான்: "நாளைக்கு வாங்கண்ணா. இன்னைக்குத் தண்ணி சும்மா இருக்குது."

பத்து நாளும் முடிந்தது. டீச்சர் வந்தார். தொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மீன் பளபளவென்று, துடுப்பை விசிறியபடி சுற்றி வந்தது.

"பரவாயில்லையே! ஜம்முனு இருக்கு. நீங்க மூணு வருஷம் தாராளமா இருங்க."

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் கடைச் சாவியை எடுத்து டீச்சர் முன்னால் வைத்தார்.

"இது நல்லா இருக்குதுங்க. இன்னொண்ணுதான் பத்து நாளா ஒரு வாய் திங்கலை. பை தைச்சபடி அப்பிடியே தொங்குது. பொழைச்சிருக்குமான்னு தெரியலைங்க."

"எந்த இன்னொண்ணு?"

மூவரும் திரையைப் பார்த்தார்கள். டீச்சர் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "போய்க் கொண்டாங்க, நானும் பாக்கறேன்" என்றார்.

சொன்னால் செய்துதான் ஆக வேண்டும். இருபத்தாறு வருஷக் கட்டுப்பாட்டை முறித்து மூவரும் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள். மூவருமே சலூனில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறவர்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். உள்ளிருந்து கிசுகிசுப்பு கேட்டது.

"மீனைக் காணோமுங்க மாஸ்டர்."

"அந்த மூணு பேரைப் பாருடா. முழிக்கற முழியே சரியில்லை. தின்னுட்டானுங்க!"

"நடுவுல நிக்கற ஆள் சட்டையைப் பாருங்க. நம்ம கட்டிங்கு மாதிரி இருக்குது."

"மாதிரி என்னடா, நம்ம கட்டிங்கேதான்! அந்தக் காலரை வேற எவன் வெட்டுவான்?"

"பட்டன் ஒண்ணும் போடலை. அப்போ காஜாவும் நம்முளுதுதான்," என்றான் பாப்பண்ணன்.

மூவரும் வெளியே வந்தார்கள். மாஸ்டர் அளவு நோட்டைத் தட்டி எடுத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்க கவலைப்படாதீங்க டீச்சர். மீனைத் தின்னவனுங்க மூணு பேரும் நம்ம வாடிக்கைக்காரங்கதான். அளவு நோட்டுல இருக்குது, எங்கே போயிருவானுங்க?"