தொபியாஸின் முழு வாக்கியம்

தீவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கலங்கரை விளக்கக் காவலர் தொபியாஸ் அங்கே காலை நீட்டிப் படுத்தால் தலையை ஒரு அலை நனைக்கும், பாதத்தை இன்னொரு அலை நனைக்கும். அவரைத் தவிர அங்கே இருந்தது விளக்கும் ஒரு நண்டும்தான். நண்டும் என்ன கோபமோ, அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டிருந்தது.

ஒருமுறை ஏதோ ஒரு கப்பல் வழி தவறி, வயர்லெஸ்ஸில் இங்கிலீஷில் கேட்டது, எங்கே இருக்கிறீர்கள் என்று.

"ஹியர்" என்றார் தொபியாஸ்.

ஹியர் என்ற ஊரைக் கேப்டன் இன்னும் வரைபடத்தில் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

மேலிடத்துக்குக் கோபம் வந்தது. முழு வாக்கியம் பேசக் கற்றுக்கொடுக்கச் செண்பகவடிவு டீச்சரை அனுப்பினார்கள். தொபியாஸின் வயசில் பாதிதான், ஆனால் இலக்கணத்தில் புலி. செவ்வாய்தோறும் படகில் வருவார். தொபியாஸ் என்றைக்கு இங்கிலீஷில் ஒரு முழு வாக்கியம் சொல்கிறாரோ, அன்றோடு வகுப்பும் நின்றுவிடும், படகும் நின்றுவிடும். அதுதான் உத்தரவு.

"எழுவாய் வேணும், வினை வேணும், அண்ணாச்சி. ரெண்டும் இருந்தாத்தான் வாக்கியம். இந்தக் கடலைப் பத்திச் சொல்லுங்க."

"சீ பிக்."

"கடல், பெரிசு. சரி. வினை எங்க போச்சு?"

"தண்ணிக்குள்ள கிடக்கும் டீச்சர்."

அடுத்த செவ்வாய் வினை கிடைத்தது, எழுவாயைக் காணவில்லை. அதற்கடுத்த செவ்வாய் மறுபடி வினை தொலைந்தது.

"சரி, இதையாவது சொல்லுங்க" என்றார் டீச்சர். "வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என்ன சொல்லுவீங்க?"

"ஐ கோ கம்."

"போயிட்டு வரேனா? அதெல்லாம் தமிழ்ல. இங்கிலீஷ்ல 'ஐ ஆம் கோயிங்'. அவ்வளவுதான் வாக்கியம்."

"வெறுமனே போறேன்னா சொல்லுவாங்க?" தொபியாஸ் திகைத்தார். "வீட்ல யாரும் திட்ட மாட்டாங்களா டீச்சர்?"

டீச்சர் புத்தகத்தை மூடிவைத்தார்.

ஒவ்வொரு செவ்வாயும் படகு கண்ணுக்கு மறைந்ததும் தொபியாஸ் நண்டின் வளைக்குப் பக்கத்தில் உட்காருவார். அன்றைய பாடத்தை இங்கிலீஷிலேயே அதற்குச் சொல்வார். எழுவாயும் வினையும் கைகோத்துக்கொண்டு வரும். ஒரு எழுத்துப் பிசகாது. நண்டு காட்டிக்கொடுக்காது என்ற தைரியம். பேசி முடித்தபின் அலைச் சத்தம் மட்டும் இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே விளக்கேற்றப் போவார்.

ஒரு செவ்வாய் அவரே கேட்டார்.

"டீச்சர், வாக்கியம் முடிஞ்சா அப்புறம் என்ன?"

டீச்சர் குனிந்து ஈர மணலில் விரலால் ஒரு புள்ளி குத்தினார். எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு படகை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

தொபியாஸ் புள்ளியைப் பார்த்தார். ஒரு அலை வந்து அதை நிரவிவிட்டுப் போனது. படகின் எஞ்சின் உறுமியது.

"டீச்சர்!"

ஓடினார். முட்டியளவுத் தண்ணீரில் நின்று கத்தினார்.

"ஐ ஆம் அலோன் ஹியர்!"

படகுக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

டீச்சர் ஒரு விரலை மடக்கினார். "எழுவாய் இருக்கு." இன்னொரு விரலை மடக்கினார். "வினை இருக்கு."

தொபியாஸ் வாயைப் பொத்திக்கொண்டார். வார்த்தை அதற்குள் படகேறிவிட்டிருந்தது.

"நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. நண்டுகிட்டப் பேசிப் பழகினதா?"

"அது... உங்களுக்கு எப்படி?"

"காத்து கரைப்பக்கம் அடிச்சா ஊருக்கே கேக்குது. எங்க தெருப் பிள்ளைங்க அதைக் கேட்டே பாஸாயிட்டாங்க."

தொபியாஸ் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அப்ப, அடுத்த செவ்வாய்?"

"உத்தரவுப்படி வகுப்பு முடிஞ்சுது அண்ணாச்சி."

"ஆமா. முடிஞ்சுது."

எஞ்சின் மறுபடி உறுமியது. படகு திரும்பியது. டீச்சர் குடையை மடக்கிவிட்டு, படகில் எழுந்து நின்றார்.

"ஐ கோ கம்!" என்றார்.

தொபியாஸ் தன்னையறியாமல் இடுப்பளவுத் தண்ணீருக்குப் போயிருந்தார்.

"தப்பு டீச்சர்!" என்று கத்தினார். "வாக்கியம் முடியலையே!"

"ஆமா அண்ணாச்சி, முடியலை!"