கடைமடைக்காரியின் வழக்கு

எந்த ஊர் ராஜா என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லா ராஜாவுக்கும் ஒரு பூந்தோட்டம் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் யாரோ ஒருவருடைய வயலை வஞ்சித்துத்தான் போகிறது.

இந்த ராஜாவின் தோட்டத்துக்காக, வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருந்த ஊருக்கு மடையை அடைத்துவிட்டார்கள். குடத்தில் மொண்டு ஊற்றி வளர்த்த நாற்று முற்றிக்கொண்டிருந்தது. பத்து நாளில் நடாவிட்டால் அந்த வருஷம் யார் வீட்டிலும் அடுப்பு எரியாது.

மூன்று முறை ஆண்கள் சபைக்குப் போய்ச் சும்மா திரும்பினார்கள். கடைமடைக்காரர்கள் அங்கே இடுப்பை வளைத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும். வழக்கமாம். நல்ல வழக்கம். அவர்கள் பேசியது ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

நாலாவது முறை நான் போகிறேன் என்றாள் செம்பாயி. ஐம்பது வயசு. வயலில் அவள் சத்தம் போட்டால் பக்கத்து ஊர் மாடு திரும்பிப் பார்க்கும். ஆனால் சபையில் பேசிப் பழக்கமில்லை. பேசச் சொல்லித்தரும் குரு வேம்படியாரிடம் போனாள். குருவுக்கு வயசு முப்பதுதான்.

“சாமி, ராஜா மனசு இளகுற மாதிரி நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க.”

“தண்ணிக்குத்தானே பஞ்சம் அக்கா? வார்த்தைக்குமா?”

குரு எழுந்து முற்றத்தின் அந்தக் கோடியில் போய் நின்றார். “பேசுங்க.”

செம்பாயி வளைந்து, வாயைப் பொத்தி, ராஜாவின் புகழிலிருந்து ஆரம்பித்தாள்.

“கேக்கல.”

மறுபடி பேசினாள்.

“கேக்கல.”

ஏழாவது தடவை அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “காது அவிஞ்சு போச்சா சாமி?”

“இது கேக்குது,” என்றார் குரு.

செம்பாயி தன் கையைத் தேடினாள். அது இடுப்பில் இருந்தது.

“சரி, ராஜா என்ன சொல்வார்?” என்று கேட்டார் குரு.

“பொய் சொல்வார்.”

“அது நீங்க சொல்றது. அவர் சொல்றதைச் சொல்லுங்க. அவரே ஆமான்னு தலையாட்டணும்.”

எதிராளிக்காகப் பேச எவளுக்குப் பிடிக்கும்? வேண்டாவெறுப்பாக மூன்று நாள் அதையே சொல்லிப் பழகினாள்.

“நம்ம பக்கம் எப்போ சாமி?”

“அது உங்களுக்குத்தான் தெரியும். போய்ட்டு வாங்க.”

சபையில் காவலன் “குனி” என்றான்.

“குனிஞ்சா என் பேச்சு என் காலுக்குத்தான் கேக்கும். காலுக்கு இந்த வழக்கு ஏற்கெனவே தெரியும்,” என்றாள் செம்பாயி. ராஜாவைப் பார்த்துத் திரும்பினாள்.

“மகாராசா, உங்க தோட்டத்துப் பூ கோயிலுக்குப் போகுது. மழை பொய்ச்ச வருஷத்துல சாமிக்குப் பூ இல்லாமப் போகக் கூடாதுன்னு மடையை அடைச்சீங்க. சரிதானே?”

ராஜா தலையாட்டினார். தன் நியாயத்தை அவரே இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

“அந்தச் சாமிக்குப் படைக்கிற சோறு எங்க வயல்ல விளையுது. இந்த வருஷம் பூவையே பொங்கிப் படைங்க.”

ராஜா மறுபடியும் தலையாட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனாலும் ராஜா ஆயிற்றே, சும்மா விடுவாரா?

“நியாயம்தான். மடையைத் திறக்கச் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை குனிந்து கேள்.”

“குனிஞ்சு தொலை செம்பாயி, நாத்து போகுது,” என்று பின்னாலிருந்து, கூட வந்த ஊர்க்காரர்கள் கெஞ்சினார்கள். அந்த நாற்றுக்கு அவளும்தான் குடம் சுமந்திருந்தாள்.

“மடையைத் திறங்க மகாராசா. நாத்து நட நாளெல்லாம் குனிவேன். இங்க மாட்டேன்.”

ராஜா எழுந்து உள்ளே போய்விட்டார். சபையில் இருந்த கோயில் அர்ச்சகர் படையலை நினைத்துக் கவலைப்பட்டு அவர் பின்னாலேயே ஓடினார். மறுநாள் மடை திறந்தது.

நடவு முடிந்ததும் செம்பாயி குருவைப் பார்க்க வந்து, சபையில் நடந்ததைச் சொன்னாள்.

“தண்ணி வந்துருச்சு சாமி. ஆனா இனி நான் சபைக்குள்ள காலை வைக்கக் கூடாதாம்.”

“வேற ஆள் போகட்டும்.”

“நாலு பேர் போறேன்னு நிக்கிறாங்க. உங்ககிட்ட அனுப்பட்டுமா?”

குரு இல்லை என்று தலையசைத்தார்.

“வேண்டாம். ராஜா ஒரே தடவை குனின்னு கேட்ட இடத்துல நான் குனிஞ்சிருப்பேன் அக்கா. நீங்களே சொல்லிக் குடுங்க.”