ஒட்டியிருந்த தகடு

“பேஸ்ட் வேண்டாம் டீச்சர். திரவ உலோகம் வெச்சிரலாம்” என்றார் சிங்கராயர்.

மில் தொழிலாளர் சங்கத்து மாடியில் ஹமீதா டீச்சர் கணினி பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்தார். வகுப்பில் மிஞ்சியவர் சிங்கராயர் ஒருவர்தான்.

சங்கத்திலும் அப்படித்தான். நிர்வாகத்தோடு சமரசம் பேசியவர்களை அவர் மேடையிலேயே கிழித்தார். எல்லோரும் போய்விட்டார்கள். கடைசியாகப் போனவர், எந்தக் கூட்டத்திலும் அவர் பக்கத்து நாற்காலியில் உட்காரும் செல்லையா.

சமரசம் பேசியவர்களுக்கு இன்று மாடி வீடு இருக்கிறது. சிங்கராயரிடம் சங்கத்தின் சாவி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். அழைப்புத் துண்டறிக்கை அடிக்க உட்கார்ந்தால் கணினி சூடேறி அணைந்துவிடுகிறது. திறந்து பார்த்தார்கள். பிராசஸருக்கும் அதன் சூட்டை வாங்கும் தகட்டுக்கும் நடுவே பூசிய பேஸ்ட், சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது.

“பேஸ்ட் மந்தம். இது சூட்டைப் பல மடங்கு கடத்தும்.” சிங்கராயர் திரவ உலோகம் அடைத்த ஒரு சிறிய ஊசிக்குழலை நீட்டினார்.

“யார் சொன்னா?”

“டப்பாவுல வந்த துண்டறிக்கை.”

“முழுசா படிச்சீங்களா?”

“துண்டறிக்கைய யாரு முழுசா படிக்கிறா?”

“அத நீங்க சொல்றீங்க, தோழர்.”

டீச்சர் ஒரு பழைய கணினியிலிருந்து அதே மாதிரித் தகட்டைக் கழற்றினார். பிளேடால் கீறினார். ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தார். வெள்ளிபோல மின்னியது.

“அழகாத்தான இருக்கு.”

“இருக்கும். சாயங்காலம் வரைக்கும் இருங்க.”

வேறு எங்கே போவது? இருந்தார்.

சாயங்காலம் டீச்சர் தகட்டை அவர் கையில் கொடுத்தார். தேய்த்த இடம் விரல் பட்டதும் பிஸ்கட்டாக உதிர்ந்தது.

“செம்புன்னா தாங்கும். இது அலுமினியம்.”

“அலுமினியம் என்ன தப்பு பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல. ஒட்டி இருந்துச்சு.”

சிங்கராயர் கையிலிருந்த துகளைத் தட்டவில்லை. சுவரோரம் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

“பேஸ்ட் காஞ்சு போகுமே டீச்சர்.”

“போகும். துடைச்சுட்டு மறுபடி பூசணும்.”

“எத்தன தடவ?”

“கணினி வேணுங்கிற வரைக்கும்.”

டீச்சர் பேஸ்ட் பூசி மூடினார். இந்த முறை கணினி அணையவில்லை. சிங்கராயர் பாதியில் விட்ட துண்டறிக்கை திரையில் வந்தது. முதல் வரி: ‘ஓடிப்போன கோழைகளுக்கு.’

சிங்கராயர் அதைப் படித்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“செல்லையா இன்னும் அந்த வீட்லதான இருக்கான்?”