மூடுபனி சுமந்த அப்பச் சுருள்

அந்தக் காலத்தில் மூடுபனிக்கு வாய் இருந்தது, நீர்க்காகத்துக்குப் பேச்சு இருந்தது. வடக்கே, கோடையில் சூரியன் தூங்கவே மறந்துபோகிற நாட்டில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மரவீடு. அதில் ராக்னா என்பவளும் அவள் கணவன் ஐவிந்தும் இருந்தார்கள். அவன் மீன் பிடிப்பான். அவள் அப்பம் சுடுவாள்.

அப்பம் என்றதும் தேங்காய்ப்பாலைத் தேடாதீர்கள், இது வேறு. நீண்ட கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தட்டுகள். அவற்றின் உட்புறம் பூவும் கொடியும் செதுக்கியிருக்கும். நடுவே ஒரு கரண்டி மாவை விட்டு, மூடி, நெருப்பில் காட்டித் திருப்பினால் மெல்லிய வட்டம் ஒன்று வரும். மேலும் கீழும் பூ. விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். அந்த நாளில் அதைச் சுருட்டும் வழக்கம் கிடையாது. தட்டையாக அடுக்கிவைப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் தெற்கிலிருந்து ஒரு கப்பல் வந்தது. ஐவிந்த் குளிர்காலத்துக்கென்று வைத்திருந்த ஒரு பீப்பாய் கருவாட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு பிடி ஏலக்காயோடு வீட்டுக்கு வந்தான். அது எந்த மலையில் விளைந்தது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். அந்தப் பெருமையைப் பிறகு பேசிக்கொள்வோம்.

"வாசனையா இருந்துச்சு. உன் அப்பத்துல போட்டா நல்லாயிருக்கும்னு தோணுச்சு," என்றான்.

"குளிர்காலம் பூரா வாசனையைத் தின்னுட்டு உட்கார்ந்திருப்போமா?" என்றாள் ராக்னா.

நியாயமான கேள்விதான். மறுநாள் விடிந்ததும், அந்தப் பீப்பாயை மறுபடி நிரப்புவதற்காகவே சின்னப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அந்த ஊரில் படகு கிளம்பும்போது வீட்டில் இருப்பவர் துறைக்கு வந்து, "வீட்டுக்கு வா" என்று சொல்ல வேண்டும். போகிறவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் துடுப்பைத் தொடுவான். ராக்னா அன்று துறைக்குப் போகவில்லை. அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவன் வாசலில் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

நண்பகலில் மூடுபனி வந்தது. கிழட்டு மூடுபனி, எப்போதும் பசியோடு அலைவது. அது குரல்களைத் தின்று வாழ்ந்தது. நாய் குரைத்தால் குரைப்பைத் தின்னும், மணி அடித்தால் மணியோசையைத் தின்னும். அதைப் பொல்லாதது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு எதையும் அதற்கு யாரும் கொடுத்ததே இல்லை.

ராக்னா துறைக்கு ஓடினாள். "ஐவிந்த்" என்று தொண்டை கிழியக் கத்தினாள். குரல் ஒரு முழம் போவதற்குள் காணாமல் போனது. திரும்பவும் கத்தினாள். அதையும் விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்பதுபோல மூடுபனி அவள் முகத்தருகே வந்து நின்றது.

அப்போது ஒரு நீர்க்காகம் அவள் காதுக்கருகே ஒரு பாறையில் இறங்கி ஈரச் சிறகை விரித்தது.

"உன் புருஷனைப் பார்த்தேன். கரையை விட்டு விலகி விலகிப் போறான். திரும்புடான்னு அவன் காதுலயே சொன்னேன், நம்பல."

"ஏன் நம்பல?"

"போன வருஷம் மீன் கிடக்கிற இடம்னு ஒரு பொய் சொல்லியிருந்தேன்," என்றது நீர்க்காகம், சற்று வெட்கத்தோடு. "கடைசிப் பாறையை இன்னும் தாண்டல. தாண்டிட்டா அப்புறம் வெறும் கடல்தான்."

ராக்னா வீட்டுக்கு வந்தாள். என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகள் தாமாகவே அடுப்பை மூட்டின, மாவைக் கரைத்தன. அவன் ஆசைப்பட்டதையாவது செய்வோம் என்று ஏலக்காயைத் தட்டிப் போட்டாள். முதல் அப்பம் வெந்தபோது எழுந்த வாசனை கதவிடுக்கு வழியாக வெளியே போனது. சற்று நேரத்தில் அதே கதவிடுக்கு வழியாக மூடுபனி உள்ளே வந்தது.

"இது என்ன?" என்றது. அதுவரை அது யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

அவள் ஒரு அப்பத்தை நீட்டினாள். மூடுபனி ஒரே நக்கில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டது.

"இன்னொண்ணு."

"நீ தின்ன என் குரலைத் திருப்பிக் கொடு, தர்றேன்."

"தின்னதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?" என்றது மூடுபனி. உண்மையிலேயே அதற்குத் தெரியவில்லை.

ராக்னா சுவரைப் பார்த்தாள். கயிற்றின் புரிகளைப் பிரிக்க ஐவிந்த் வைத்திருந்த மரக்கூம்பு அங்கே தொங்கியது. அதைக் கையில் எடுத்தாள். தட்டிலிருந்த ஆறிய அப்பத்தை அதில் சுற்றிப் பார்த்தாள், பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்த அப்பத்துக்கு அவள் காத்திருக்கவில்லை. கொதிக்கும் இரும்பிலிருந்து வெறும் விரலால் உரித்து, சூட்டோடு சூடாகக் கூம்பில் சுருட்டினாள். விரல் பொசுங்கியது. விடவில்லை. ஒரு மூச்சு விடும் நேரத்தில் அது இறுகி நின்றது. கூம்பை உருவிவிட்டு, உள்ளிருந்த வெற்றிடத்தில் வாயை வைத்து, காலையில் சொல்லாததைச் சொன்னாள்: "வீட்டுக்கு வா." பிறகு சுருளின் வாயை ஒரு கரண்டி கெட்டிப் பாலாடையால் அடைத்தாள்.

"இந்தா. அவசரப்பட்டா உடனே தீர்ந்துடும். கடல் மேல உலாத்திக்கிட்டே மெதுவா நக்கு," என்றாள்.

மூடுபனி சுருளைத் தூக்கிக்கொண்டு போனது. நக்கிக்கொண்டே கடைசிப் பாறைவரை போனது. அங்கே சுருள் ஈரத்தில் நமுத்து மெல்ல வாய் திறந்தது. உள்ளிருந்த குரல் வெளியே வந்தது. இனிப்பு ஒட்டிய நாக்குக்குக் குரல் ருசிக்கவில்லை, மூடுபனி அதை விட்டுவிட்டது. பாறையைத் தாண்டவிருந்த ஐவிந்த் துடுப்பை நிறுத்தினான்.

மூடுபனி அடுத்த சுருளுக்காக வீட்டுக்கு ஓடியது. இந்த முறை ஆசை கூடியிருந்தது, வேகமாக நக்கியது. சுருள் பாறைக்கு இப்பாலேயே திறந்துகொண்டது. அதற்கடுத்தது இன்னும் இப்பால். மூடுபனியின் ஆசை கூடக்கூட, "வீட்டுக்கு வா" கரையை நெருங்கி நெருங்கி ஒலித்தது. ஐவிந்த் ஒரு குரலிலிருந்து அடுத்த குரலுக்குப் படகைச் செலுத்தினான். கனவில் நடக்கிறவன்போல, ஏலக்காய் மணக்கும் வெண்மைக்குள் வந்துகொண்டிருந்தான்.

மாவு தீர்ந்தது. கடைசி அப்பத்தைச் சுருட்டியபோது ராக்னாவின் விரல்களில் தோல் இல்லை. அந்தச் சுருளுக்குள் அவள் நெடுநேரம் ஏதோ சொன்னாள், மிகவும் தணிந்த குரலில். மூடுபனி அதை வாங்க வரவில்லை. பிறந்ததிலிருந்து முதன்முறையாக வயிறு நிறைந்து, மலையடிவாரத்தில் படுத்துத் தூங்கிவிட்டது. துறையில் படகின் அடிப்பலகை கூழாங்கல்லில் உரசும் சத்தம் கேட்டது.

ஐவிந்த் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்து உட்கார்ந்தான். கொண்டுவந்த மீன் ஒரு வாளிகூடத் தேறாது. ராக்னா கடைசிச் சுருளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் கடித்தான். மொறுக்கென்று உடைந்தது. உள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"காலையில நான் துறைக்கு வரல. தப்பு என்னுது. பீப்பாய் போனா போகட்டும். நீ வாங்கிட்டு வந்தது நல்லாயிருக்கு. நீ இல்லாம அதை யாருக்குச் சுடுவேன்?"

ஐவிந்த் அவள் விரல்களைப் பார்த்தான். தன் குளிர்ந்த உள்ளங்கைகளுக்குள் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டான்.

அன்று முதல்தான் அந்த நாட்டில் அப்பத்தைச் சூடு ஆறுவதற்குள் மரக்கூம்பில் சுருட்டி, தின்னும் நேரத்தில் உள்ளே பாலாடையை நிரப்புகிறார்கள். திறந்து வைத்தால் அது நமுத்துப்போவதும் அன்று முதல்தான். மூடுபனி தன் பங்கை இன்னும் மறக்கவில்லை. சுருட்டும்போது அவர்கள் உதடு லேசாக அசையும். என்ன சொன்னாய் என்று கேட்டுப் பாருங்கள், விரல் சுட்டுவிட்டது என்பார்கள்.