அரக்கன் பல்லில் புல்

ராசா மண்டபம் நிறையப் பெரிய பெரிய எலும்பாகச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் அவர் பாட்டனார் கொன்ற அரக்கனுடையதாம். ஓடைக்கரையில் எரிமலைச் சாம்பலைத் தோண்டி அவற்றை எடுத்துக் கொடுத்தவன் கொம்பையா. அவன் சும்மா இராமல், "இது ஏதோ மாட்டு எலும்பு மாதிரில்ல இருக்கு" என்று சொல்லித் தொலைத்தான். பிடித்துக் கட்டிப்போட்டார்கள்.

ராசா அவன் பெண்டாட்டி வெயிலாளைக் கூப்பிட்டார். "பொழுது சாயறதுக்குள்ள அரக்கன் தலையைக் கொண்டா. இல்லேன்னா உன் புருஷன் தலை போயிரும்."

இல்லாத அரக்கனுக்குத் தலை ஏது? ஆனாலும் ஓடைக்கரைக்குப் போய்த் தோண்டினாள். வெயில் இறங்கும் நேரத்தில் ஒரு தலை தட்டுப்பட்டது. சாம்பலைச் சுரண்டிப் பார்த்தவள், துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அரண்மனை வாசலில் வாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

சபை முன்னால் ராசா கேட்டார்: "அரக்கன் தலைதானே?"

"நீங்க சொன்னா சரிதான் மகாராசா. உங்க பாட்டனார் கொன்னதுன்னு கல்லுலயே வெட்டிடலாம். பல்லை மட்டும் பாருங்க."

தட்டைப் பற்கள். இடுக்கில் மென்ற புல் அப்படியே ஒட்டியிருந்தது.

"மடியை முட்டின மேனிக்கு ஒரு கன்னும் அங்கேயே கிடக்கு, சாமி. பசுவையும் கன்னையும் கொன்ன வம்சம்னு ஊர் பேசினா என்ன செய்ய?"

ராசாவுக்கு வேர்த்துவிட்டது. "எங்க பாட்டனார் பசுவைத் தொட்டதே இல்லை! இது வெறும் மாடு! சாம்பல் மூடித் தானாச் செத்தது!"

"அதைத்தான் சாமி எங்க வீட்டுக்காரரும் சொன்னாரு" என்றாள் வெயிலாள்.

கொம்பையாவின் கட்டை அவிழ்க்கிறவரை அவள் அங்கிருந்து நகரவில்லை.