வாய் திறக்காத மதுரைக் கருவி

தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கம்பெனியில் நெட்வொர்க் வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்தவள் ஜெசிந்தா. ஒருநாள் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் போகும் வழியைச் சோதித்தாள். தகவலை வாங்கி அடுத்த ஊருக்கு அனுப்பும் கருவிகளெல்லாம் ‘இருக்கிறேன்’ என்று பதில் சொல்ல, நடுவில் மதுரைக் கருவி மட்டும் வாயே திறக்கவில்லை.

“செத்துப்போன கருவி! அதைப் பார்த்துக்கொள்ளும் இருதயராஜை இன்றே நீக்குகிறேன்” என்று குதித்தார் மேனேஜர் வைரவநாதன்.

ஜெசிந்தா சொன்னாள்: “சரி சார். அந்த உத்தரவை இப்பவே சென்னைக்கு மெயில் அனுப்பிடுங்க.”

அனுப்பினார். “கிடைத்தது. நீக்கக் காரணம் என்ன?” என்று உடனே பதில் வந்தது.

“சார், இங்கிருந்து சென்னைக்குத் தகவல் போக ஒரே வழிதான் இருக்கு. உங்க மெயிலும் மதுரைக் கருவி வழியாத்தான் போச்சு. செத்தது எப்படி சார் சுமந்துட்டுப் போகும்? கூப்பிட்டா அது பேசாது, அவ்வளவுதான். கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்த்துடும்.”

வைரவநாதன் சென்னைக்குப் பதில் எழுதினார்: “காரணம் எதுவுமில்லை. என் அவசரம்தான்.”